கழுவிக் கழுவியே பேரிங் போகுமா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். வார இறுதிகளில் மண் தடத்தில் பைக் ஓட்டுகிறீர்கள். வீடு வந்ததும் பிரஷர் வாஷரால் வண்டியைப் பளபளவென்று கழுவிவிடுகிறீர்கள், ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. அப்படியும் ஒரே வருடத்தில் பின்சக்கர பேரிங் இரண்டு முறை போய்விட்டது, பின் ஷாக் அப்சார்பரின் கீழே அதைப் பின்சக்கரப் பகுதியோடு இணைக்கும் லிங்கேஜ் துருப்பிடித்து இறுகிவிட்டது, இப்போது காலையில் ஸ்டார்ட் ஆகவும் அடம்பிடிக்கிறது. உங்கள் நண்பரோ வண்டியைக் கழுவுவதே இல்லை. சேறு காய்ந்ததும் தட்டிவிட்டு ஓட்டுகிறார், அவருக்கு ஒரு தொந்தரவும் வரவில்லை. எந்த சோப்பு, எந்த நாசில், எந்த வரிசை என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது, "இவ்வளவு பார்த்துப் பார்த்துக் கழுவியும் வண்டி ஏன் கெட்டுப்போகிறது?" என்பதுதான் என்று எனக்குப் படுகிறது. அதற்கே பதில் சொல்கிறேன். சோப்பும் நாசிலும் நடுவில் தானாக வந்துவிடும்.

18 வருடமாக மோட்டோகிராஸ், எண்டூரோ என்று மண் தடத்துக்கான பந்தய வண்டிகளைப் பிரித்துப் பூட்டுவதுதான் என் தொழில். இருந்தாலும் உங்கள் வண்டியைத் தொட்டுப் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பேரிங், லிங்கேஜ் இரண்டுக்கும் காரணம் நீங்கள் அடிக்கும் தண்ணீர்தான் என்பதில் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை. பேரிங் இரண்டாவது முறையும் போனதற்கு மட்டும் இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கலாம். ஸ்டார்ட் ஆகாததைப் பற்றி நான் சொல்லப்போவது ஊகம்; எதை எப்படிச் சோதிப்பது என்று சொல்ல முடியும், தீர்ப்பு சொல்ல முடியாது.

முதலில் தண்ணீர். சக்கரத்தின் நடுவில், பேரிங்குக்கு வெளியே ஒரு ரப்பர் சீல் இருக்கிறது. சக்கரத்தோடு சுழலும் அதன் மெல்லிய உதடு, அச்சோடு சேர்ந்து சுழலாமல் நிற்கும் காலர் என்ற உலோக வளையத்தின் மேல் உரசிக்கொண்டே இருக்கும். தெறிக்கும் சேற்றையும் மழையையும் தடுக்க அது போதும். ஆனால் வீட்டில் வைத்திருக்கும் சாதாரண பிரஷர் வாஷரே 100 பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அளவு) மேல் தள்ளும். உங்கள் டயருக்குள் இருக்கும் காற்று கிட்டத்தட்ட 1 பார். நாசிலை விட்டு விலக விலகத் தண்ணீரின் வேகம் சட்டென்று குறைந்துவிடும், உண்மைதான். ஆனால் ஹப்பில், அதாவது சக்கரத்தின் நடுப்பகுதியில், ஒட்டிய களிமண் போகவில்லை என்று நாம் எல்லோரும் செய்வது என்ன? நாசிலை ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுபோய்விடுவோம். அந்த இடத்தில் சீலின் உதடு வளைந்து கொடுத்துவிடும், தண்ணீர் உள்ளே போய்விடும். போன தண்ணீர் வெளியே வர வழியே கிடையாது, ஏனென்றால் அதே சீல் இப்போது அதை உள்ளே பூட்டி வைத்துவிட்டது.

இதோடு சூடும் சேர்ந்துகொள்ளும். ஓட்டி வந்தவுடன் ஹப், பிரேக் டிஸ்க், இன்ஜின் எல்லாம் சூடாக இருக்கும். அதன் மேல் குளிர்ந்த தண்ணீர் பட்டதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். சுருங்கும்போது வெளியே இருப்பதை, அதாவது சீலைச் சுற்றி நிற்கும் தண்ணீரை, உள்ளே உறிஞ்சும். வேகமாக அடிக்காமல் வெறும் குழாய்த் தண்ணீர் விட்டாலும் சூடான ஹப்பில் இது நடக்கும். உள்ளே போன தண்ணீர் கிரீஸோடு கலந்து அதை மோர் மாதிரி ஆக்கிவிடும். வண்டி அடுத்த வார இறுதி வரை அசையாமல் நிற்கிறது. பேரிங்கின் பந்துகள் ஓடும் பாதையில் துருப்புள்ளிகள் விழ அந்த அவகாசம் போதும். புள்ளி விழுந்த பாதையில் பந்து ஓட ஓட அது குழியாகும். ஆக, கழுவிய நாளில் எதுவும் தெரியாது. பல வாரம் கழித்துத்தான் சக்கரம் ஆடும். அதனால்தான் யாருக்கும் பிரஷர் வாஷர் மேல் சந்தேகம் வருவதில்லை.

உங்கள் நண்பர் பாதி சரி. புழுதி மட்டும் படிந்த நாட்களில் நானும் வண்டியைக் கழுவுவதில்லை. பிரஷ்ஷால் தட்டி, துணியால் துடைத்து, ஏர் ஃபில்டரையும் செயினையும் மட்டும் கவனித்துவிட்டு விட்டுவிடுவேன். ஆனால் சேற்றில் ஓட்டிவிட்டு அப்படியே நிறுத்துவது வேறு கதை. களிமண் ஈரத்தைப் பல நாள் பிடித்து வைத்திருக்கும். ரேடியேட்டர் சிறகுகளுக்கு நடுவே காய்ந்தால் அடுத்த முறை இன்ஜின் சூடேறும். இன்ஜின் அடித்தட்டுக்குள் அடைந்த சேறு கிலோக்கணக்கில் எடை சேர்க்கும். எல்லாவற்றையும்விட, சேறு மூடிய ஃபிரேமில் வெல்டிங் விரிசல் விட்டிருந்தால் கண்ணுக்கே தெரியாது. அவருக்குத் தொந்தரவு வரவில்லை என்றால், ஒன்று அவர் ஓட்டும் இடம் காய்ந்த மண்ணாக இருக்க வேண்டும், இல்லை வரப்போகும் தொந்தரவு இன்னும் வந்து சேரவில்லை. ஆகவே நீங்கள் கழுவுவதை நிறுத்த வேண்டாம். தண்ணீரின் வேகத்தைக் குறைக்க வேண்டும், உலர்த்துவதைக் கூட்ட வேண்டும்.

சரி, முறைக்கு வருவோம். வண்டியை நிறுத்தியதும் குழாயைத் தேடாதீர்கள். இன்ஜின் மேல் கை வைத்துச் சுடாமல் இருக்கும் வரை காத்திருங்கள். அந்த நேரத்தில் மட்கார்டின் உட்புறத்தில் அப்பிய கட்டிகளை மரத்துண்டாலோ பிளாஸ்டிக் கரண்டியாலோ தள்ளிவிடலாம். அடித்தட்டைக் கழற்றிவிடுங்கள். அதைக் கழற்றாமல் கழுவினால் மேலே இருந்து ஓடும் சேறெல்லாம் அதற்குள்தான் போய் உட்காரும். சீட்டைக் கழற்றி, ஏர் ஃபில்டரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கழுவுவதற்கென்று விற்கும் மூடியைப் போடுங்கள். அந்த மூடி இல்லை என்றால் அழுக்கு ஃபில்டரை அப்படியே விட்டுவிட்டு, சீட்டையும் மாட்டி, அந்தப் பக்கமே தண்ணீர் அடிக்காமல் இருங்கள். ஃபில்டரை எடுத்துவிட்டுத் திறந்த வாயோடு மட்டும் கழுவிவிடாதீர்கள்.

சைலன்சரின் வாயை ஒரு ரப்பர் அடைப்பானால் மூடுங்கள். மூடியதும் ஒரு சிவப்புத் துணியை ஆக்சிலரேட்டரில் கட்டிவிடுங்கள். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது. ஒரு போட்டி நாளன்று அடைப்பானை எடுக்க மறந்துவிட்டு, கால் மணி நேரம் கிக்கரை உதைத்து, பிளக்கைக் கழற்றி மாற்றி, கார்புரேட்டரையும் பிரிக்கப்போன ஆள் நான்தான். பக்கத்தில் நின்ற ஒரு சின்னப் பையன்தான், "அண்ணே, பின்னாடி என்னமோ சொருகியிருக்கே" என்றான்.

முதல் தண்ணீர் மெதுவாக இருக்கட்டும். சாதாரண ரப்பர் குழாயால் வண்டி முழுவதையும் நனைத்துவிட்டு 10 நிமிடம் விடுங்கள். ஊறிய களிமண் தானாகக் கழன்று விழும். ஊறாத களிமண்ணைத்தான் நாம் வேகத்தால் அடித்து வெல்லப் பார்க்கிறோம். பிறகு சோப்பு. பைக்குக்கென்று விற்கும் மிதமான கழுவும் திரவம் நல்லது. அதைப் பூசிச் சில நிமிடம் விடலாம், காயவிடக்கூடாது. இன்ஜின் கிரீஸைக் கரைக்கும் கடுமையான காரத் திரவங்களும், அலாய் வீலுக்கு விற்கும் அமிலத் திரவங்களும் வேண்டாம். மண் தட வண்டிகளில் கிளட்ச் மூடி, மேக்னட் மூடி எல்லாம் பல மாடல்களில் மெக்னீசியம். ஹப், முன் ஃபோர்க் குழாய்களைப் பிடித்திருக்கும் டிரிபிள் கிளாம்ப் போன்றவை நிறமேற்றிய அலுமினியம். இந்தத் திரவங்கள் பட்டால் அவை திட்டுத்திட்டாக வெளுக்கும், திரும்ப வராது. பாத்திரம் கழுவும் சோப்பில் உப்பு இருக்கிறது, அலுமினியத்தை அரிக்கும் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். உடனே நன்றாக அலசிவிட்டால் அப்படி எதுவும் ஆகி நான் பார்த்ததில்லை. ஆனால் பூசி வைத்த மெழுகு, எண்ணெய் எல்லாவற்றையும் அது உரித்துவிடும், அதனால் பழக்கமாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

பிரஷர் வாஷரைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. விசிறி மாதிரி பரப்பும் நாசிலைப் போட்டு, கை முழுவதும் நீட்டிய தூரத்திலிருந்து, டயர், ரிம், மட்கார்டின் அடிப்பக்கம், ஃபுட்ரெஸ்ட், கழற்றி வைத்த அடித்தட்டு ஆகியவற்றில் தாராளமாக அடியுங்கள். சக்கரத்தின் நடுப்பகுதி, லிங்கேஜ், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் ஃபிரேமில் அசையும் மூட்டான பிவட், ஃபோர்க் சீல், ஹேண்டில்பாருக்குக் கீழே இருக்கும் பேரிங், செயின், வயர் கனெக்டர், சுவிட்ச் இவை பக்கம் அது போகவே கூடாது. அங்கெல்லாம் குழாய்த் தண்ணீரும் நீண்ட முடி பிரஷ்ஷும்தான். ரேடியேட்டருக்குப் பின்னாலிருந்து முன்னால், நேராக, மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். சாய்வாக வேகமாக அடித்தால் சிறகுகள் படுத்துவிடும், காற்றுப் போக வழி இருக்காது. ஒருவேளை சக்கரத்துக்கு அருகே அடித்தே ஆக வேண்டும் என்றால், பக்கவாட்டில் நின்று அச்சை நோக்கி அடிக்காதீர்கள். வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ நின்று அடியுங்கள். நேராகச் சீலில் குத்துவதற்கும் அதைத் தாண்டிப் போவதற்கும் வித்தியாசம் பெரியது.

இதுவரை சொன்னது பாதி வேலைதான். பெரும்பாலானவர்கள் இங்கே கையைத் துடைத்துக்கொண்டு, வண்டி மேல் தார்ப்பாயைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அந்தத் தார்ப்பாய்க்குள் வண்டி ஒரு வாரம் வேகும். கழுவியதும் ஏர் கம்ப்ரசராலோ இலை ஊதும் கருவியாலோ போல்ட் தலைகள், கனெக்டர், செயின், இன்ஜின் இடுக்குகள் எல்லாவற்றையும் ஊதுங்கள். கம்ப்ரசர் காற்றையும் சீலுக்கு நேராக வைக்காதீர்கள், அதுவும் தண்ணீரை உள்ளேதான் தள்ளும். அப்புறம் அடைப்பானை எடுத்துவிட்டு, சுத்தமான ஃபில்டரை மாட்டி, வண்டியை ஸ்டார்ட் செய்து ஒரு பத்து நிமிடம் மெதுவாக ஓட்டுங்கள். சக்கரம் சுற்றும்போது தண்ணீர் தெறித்துப் போகும், பிரேக்கை லேசாகப் பிடித்துப் பிடித்து விட்டால் டிஸ்க்கும் பேடும் காயும். நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் ஓடவிட்டு அணைப்பது நல்லதல்ல. இன்ஜின் முழுச் சூட்டுக்கு வராமல் அணைத்தால் உள்ளே உருவாகும் ஈரம் ஆயிலிலேயே தங்கிவிடும். அதே நேரம் ரேடியேட்டர் ஃபேன் இல்லாத வண்டியை நின்ற இடத்திலேயே நீண்ட நேரம் ஓடவிட்டால் சூடேறிவிடும். அதனால்தான் ஓட்டச் சொல்கிறேன்.

காய்ந்த பிறகு வெறும் இரும்பு தெரியும் இடங்களில் டபிள்யூடி-40 மாதிரி ஒன்றை லேசாக அடித்துத் துடைக்கலாம். 1953-ல் அதை உருவாக்கியதே ஈரத்தை விரட்டத்தான். பெயரில் இருக்கும் இரண்டு ஆங்கில எழுத்துகளுக்கும் தண்ணீரை இடம்பெயர்த்தல் என்பதுதான் பொருள், 40 என்பது 40-வது முயற்சி. அந்த வேலையை அது நன்றாகச் செய்யும். ஆனால் செயினுக்கோ பேரிங்குக்கோ போடும் எண்ணெயாக அதை நம்ப வேண்டாம். பிரேக் டிஸ்க், பேடு, ஹேண்டில் கிரிப் பக்கம் அதன் துளி கூடப் போகக்கூடாது.

செயினைப் பற்றி நிறையச் சண்டை நடக்கும். எல்லோரும் ஒத்துக்கொள்வதைச் சொல்கிறேன். மண்ணெண்ணெயும் மென்மையான பிரஷ்ஷும் போதும். பெட்ரோலும் கம்பி பிரஷ்ஷும் செயின் கண்ணிகளுக்கு நடுவில் இருக்கும் ஓ ரிங் என்ற ரப்பர் வளையத்தைக் கெடுக்கும், ரப்பர் போனால் உள்ளே தொழிற்சாலையில் அடைத்த கிரீஸும் போகும். செயின் காய்ந்ததும், லேசான சூடாக இருக்கும்போது, கீழ்வரிசையின் உட்பக்கத்தில் எண்ணெய் விடுங்கள். சுற்றும்போது அது தானாக வெளியே பரவும். சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். இன்ஜினை ஓடவிட்டு கியரில் போட்டுச் செயின் துடைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். துணியை ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) இழுக்கும்போது விரலும் கூடவே போகும். ஒரு நொடி வேலை அது. மணல் தடத்தில் ஓட்டுபவர்கள் பிசுபிசுப்பான ஸ்பிரேயைக் குறைத்துக்கொண்டு, அதிகப்படியானதைத் துடைத்துவிடுவது நல்லது என்பது என் எண்ணம், ஏனென்றால் அதில் ஒட்டிய மணல் உப்புத்தாள் மாதிரி ஸ்ப்ராக்கெட்டைத் தேய்க்கும். தளர்வைப் பொறுத்தவரை, ரோட்டு வண்டி மாதிரி இழுத்துக் கட்டிவிடாதீர்கள். பின் ஷாக் அமுங்கும்போது முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங் ஆர்ம் பிவட், பின் அச்சு மூன்றும் ஒரே நேர்கோட்டில் வரும் இடத்தில் செயின் மிகவும் இறுகும். அதற்கு இடம் விட வேண்டும். பல மண் தட வண்டிகளில் 50 முதல் 60 மி.மீ. வரை தளர்வு சொல்லியிருப்பார்கள், ஆனால் எந்த இடத்தில் அளப்பது என்பது மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டைப் பாருங்கள். இறுக்கமான செயின் முன் ஸ்ப்ராக்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் பேரிங்கையும் ஆயில் சீலையும் காவு வாங்கும்.

இப்போது ஸ்டார்ட் ஆகாத விஷயம். ஏர் ஃபில்டரை "அவ்வப்போது தட்டிவிடுவேன்" என்று ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் பயமாக இருந்த வரி அதுதான். மண் தட வண்டியின் ஃபில்டர் ஃபோம். அதில் பூசிய ஒட்டும் எண்ணெய்தான் புழுதியைப் பிடிக்கிறது. எண்ணெய் காய்ந்தாலோ, புழுதி நிரம்பினாலோ, தட்டியதால் எதுவும் சரியாகாது. நுண்ணிய தூள் நேராக இன்ஜினுக்குள் போகும். புழுதியில் பெரும்பகுதி சிலிக்கா, அதாவது குவார்ட்ஸ். கடினத்தன்மையை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸ் 7. சாதாரண இரும்பும் அலுமினியமும் அதற்குக் கீழே. ஆகவே உள்ளே போகும் ஒவ்வொரு துகளும் பிஸ்டன் ரிங்கையும் வால்வு முகத்தையும் தேய்த்துக்கொண்டே இருக்கும். உங்களுடையது ஃபோர் ஸ்ட்ரோக் என்றீர்கள். அதில் இன்டேக் வால்வும் அது உட்காரும் சீட்டும் தேயத் தேய, வால்வு மெல்ல மேலே ஏறும், அதற்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி குறையும். பல மோட்டோகிராஸ் இன்ஜின்களில் அந்த இடைவெளியே 0.10 முதல் 0.15 மி.மீ. வரைதான். அது பூஜ்யத்தை நெருங்கினால் வால்வு முழுதாக மூடாது, கம்ப்ரஷன் கசியும், வண்டி காலையில் அடம்பிடிக்கும்.

உங்கள் வண்டிக்கு இதுதான் ஆகியிருக்கிறது என்று சொல்லவில்லை. இன்ஜினை அணைக்கும் கில் சுவிட்ச்சுக்குள் தண்ணீர், தேய்ந்த பிளக், பலமிழந்த பேட்டரி, கார்புரேட்டர் என்றால் அடைத்த பைலட் ஜெட் (பெட்ரோல் வரும் சிறு துளை) என்று எதுவாகவும் இருக்கலாம். செலவில்லாத சோதனையிலிருந்து தொடங்குங்கள். ஃபில்டரைக் கழற்றிவிட்டு, அதற்குப் பின்னால் இருக்கும் ரப்பர் குழாயின் உட்சுவரை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் மண் வந்தால் புழுதி உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். அப்போது வால்வு இடைவெளியை அளக்காமல் வேறு எதிலும் பணம் போடாதீர்கள். துணி சுத்தமாக வந்தால் பிளக்கையும் சுவிட்ச்சையும் பாருங்கள்.

ஃபில்டர் கழுவுவது எப்படி என்றால், முதலில் மண்ணெண்ணெயோ ஃபில்டருக்கென்று விற்கும் திரவமோ, பிறகு வெந்நீரும் சோப்பும். பிழியும்போது துணி மாதிரி முறுக்காமல் உள்ளங்கைக்குள் வைத்து அமுக்குங்கள். முறுக்கினால் ஒட்டிய விளிம்பு பிரியும். பெட்ரோல் வேண்டாம். தொழில் பழகிய காலத்தில் நான் பெட்ரோலில்தான் கழுவினேன். ஒரு நாள் ஃபில்டரின் இரண்டு அடுக்கும் கையோடு தனித்தனியாக வந்தன, பசை கரைந்திருந்தது. தீப்பிடிக்கும் ஆபத்து தனி. நிழலில் முழுதாகக் காய்ந்த பிறகு எண்ணெய் ஊற்றி, நிறம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வரும் வரை பிசைந்து, அதிகப்படியை அமுக்கி எடுங்கள். பெட்டியில் உட்காரும் விளிம்பில் மட்டும் கிரீஸ் தடவுங்கள். இரண்டு ஃபில்டர் வைத்துக்கொண்டால் ஒன்று காயும்போது இன்னொன்று ஓடும். புழுதியில் ஓட்டிய ஒவ்வொரு நாளும் இதைச் செய்ய வேண்டும். வண்டியைக் கழுவாவிட்டாலும் இதை விடக்கூடாது.

பேரிங்குக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் ஒரே வருடத்தில் இரண்டு என்பது தண்ணீருக்கும் கொஞ்சம் அதிகம். முதல் முறை மாற்றியபோது பேரிங்கை மட்டும் மாற்றி, பழைய சீலையும் காலரையும் அப்படியே போட்டிருந்தால் இப்படி ஆகும். சீலின் உதடு உரசும் இடத்தில் காலரில் காலப்போக்கில் ஒரு பள்ளம் விழும். விரல் நகத்தால் தடவினால் தெரியும். பள்ளம் விழுந்த காலரோடு புதுச் சீலும் தண்ணீரைத் தடுக்காது. இரண்டாவது, பேரிங்கை ஹப்புக்குள் அடித்து இறக்கும்போது வெளிவளையத்தில் மட்டும்தான் தட்ட வேண்டும். உள்வளையத்தில் தட்டினால் அடி பந்துகள் வழியாகப் போய், பேரிங் பிறக்கும்போதே காயத்தோடு பிறக்கும். மூன்றாவது, இரண்டு பேரிங்குக்கும் நடுவில் ஹப்புக்குள் ஒரு குழாய் ஸ்பேசர் இருக்கும். அதை மறந்துவிட்டோ, தேய்ந்ததையே போட்டோ அச்சை இறுக்கினால், இறுக்கம் முழுவதும் பேரிங்கைப் பக்கவாட்டில் அமுக்கும். சக்கரத்தை மாட்டி அச்சைச் சரியான அளவுக்கு இறுக்கிய பிறகு, செயின் இல்லாமல் கையால் சுற்றிப் பார்த்தால், பிரேக் பேடு லேசாக உரசுவதைத் தவிர வேறு பிடிப்பு இருக்கக்கூடாது.

லிங்கேஜைப் பொறுத்தவரை, புது வண்டியிலேயே அங்கே கிரீஸ் கஞ்சத்தனமாகத்தான் இருக்கும் என்பது என் அனுபவம். புது வண்டி வாங்குபவர்களிடம் முதல் மாதத்திலேயே ஒருமுறை பிரித்து நிறைத்துவிடச் சொல்வேன். அதன் பிறகு எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை என்பது நீங்கள் ஓட்டும் மண்ணைப் பொறுத்தது. சேற்றில் அடிக்கடி ஓட்டுபவர் 20, 25 மணி நேரத்துக்கு ஒருமுறை திறந்து பார்ப்பது தப்பில்லை. காய்ந்த தடத்தில் ஓட்டுபவர் அதைவிடத் தாராளமாக இருக்கலாம். தண்ணீரில் கரையாத கிரீஸ் எது என்று கேட்டு வாங்குங்கள். ஹேண்டில்பார் பேரிங்கும் ஸ்விங் ஆர்மும் இதே கணக்கில்தான் வரும்.

கழுவும் நேரம்தான் வண்டியைப் பார்க்கும் நேரம். பிரஷ் கையில் இருக்கும்போதே ஒவ்வொரு ஸ்போக்கையும் ஸ்பேனரால் லேசாகத் தட்டுங்கள். இறுக்கமானது கணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது மொத்தென்று கேட்கும். தளர்ந்ததைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருக வேண்டாம், ரிம் கோணிக்கொள்ளும். பின் ஸ்ப்ராக்கெட் போல்ட், டிஸ்க் போல்ட் தலைகளில் பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்தால், தளரும்போது கோடு உடைந்து தெரியும், ஒவ்வொன்றிலும் ஸ்பேனர் வைக்கத் தேவையில்லை. ஃபோர்க் குழாயில் எண்ணெய் வளையம் தெரிந்தால் உடனே சீலை மாற்ற ஓடாதீர்கள். பாதி நேரம் உதட்டுக்கடியில் சிக்கிய ஒரு மண் துகள்தான் காரணம். தூசி மூடியை இறக்கிவிட்டு, பழைய கேமரா ஃபிலிம் துண்டைச் சொருகிச் சுற்றி எடுத்தால் பல முறை கசிவு நின்றுவிடும். நிற்காவிட்டால் சீல்தான். பிரேக் பேடில் 1 மி.மீ. தான் மிச்சம் என்றால் அடுத்த ஓட்டத்துக்கு முன்பே மாற்றுங்கள். சேறு ஒரே நாளில் பேடைத் தின்றுவிடும். கிளட்ச் கேபிளுக்கு எண்ணெய் விடலாம், ஆக்சிலரேட்டர் குழாயைச் சுத்தமாகவும் உலர்ந்தும் வைத்தால் போதும். விட்டவுடன் அது டக்கென்று திரும்ப வேண்டும், அதுதான் சோதனை.

ஆயிலைப் பற்றிச் சுருக்கமாக. இந்த வண்டிகளுக்குக் கிலோமீட்டர் கணக்கு உதவாது, மணிக்கணக்கு மீட்டர் ஒன்று மாட்டிக்கொள்ளுங்கள். கையேட்டில் எத்தனை மணி நேரம் போட்டிருக்கிறதோ அதைப் பின்பற்றுங்கள். கிளட்ச்சும் அதே ஆயிலில் ஊறும் வண்டி என்றால் டப்பாவில் ஜாசோ (பைக் ஆயிலுக்கான ஜப்பானியத் தரக்குறி) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்க வேண்டும். எம்பி என்று இருந்தால் கிளட்ச் வழுக்கும். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, அதோடு ஓட்டாதீர்கள். ஓடையைக் கடக்கும்போது இன்ஜின் தண்ணீர் குடித்து நின்றால் ஸ்டார்ட்டரை அழுத்தவே கூடாது. தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் மற்றதெல்லாம். கடல் மணலில் ஓட்டினால் மட்டும் எந்தத் தாமதமும் வேண்டாம், வண்டி ஆறியதுமே அதே நாளில் நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள்.

எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டிருந்தீர்கள். பழகிய கைக்கு, வண்டி ஆறும் நேரத்தையும் சேர்த்து, ஒன்றரை மணி நேரம். முதல் சில வாரம் அதைவிடக் கூடவே ஆகும். ஆனால் இந்த வாரம் நீங்கள் வண்டியைக் கழுவவே வேண்டாம். ஃபில்டருக்குப் பின்னால் அந்த வெள்ளைத் துணிச் சோதனையைச் செய்யுங்கள். பின்சக்கரத்தைக் கழற்றி, காலரில் பள்ளம் இருக்கிறதா, ஹப்புக்குள் ஸ்பேசர் இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக லிங்கேஜ். அதைக் கழற்றும்போது கீழே ஒரு தட்டை வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் சில வண்டிகளில் அதற்குள் இருப்பது தனித்தனி ஊசி உருளைகள். போல்ட்டை உருவியதும் மண்ணில் கொட்டிவிடும், எத்தனை கொட்டின என்று எண்ண முடியாது.